அம்மாவின் கத்தரி விதை நாற்பதில் மூன்றுதான் முளைத்தது: விதை எடுப்பது, காய வைப்பது, காப்பது எப்படி?

மாடிக்கத்தரி (சென்னை), ஆகஸ்ட் 3

அனைவருக்கும் வணக்கம். இன்று பதினெட்டாம் பெருக்கு. அம்மா இருந்திருந்தால் இந்நேரம் நாற்றைப் பிடுங்கி நட்டிருப்பார்.

அவர் ஊர் அரியலூர்ப் பக்கம். கொல்லையில் முப்பது வருடங்களுக்கு மேலாக ஒரே கத்தரியைத்தான் போட்டு வந்தார். இளம்பச்சைக் காய், வெள்ளை வரி ஓடும், காம்பில் முள் கிடையாது. எண்ணெயில் வதக்கினால் அப்படியே குழைந்துவிடும். அதற்குப் பெயர் எதுவும் இல்லை, "நம்ம கத்தரி" என்றுதான் சொல்வார். இரண்டு வருடங்களுக்கு முன் அம்மா தவறிவிட்டார். கொல்லையில் கடைசியாக நின்ற இரண்டு செடிகளிலிருந்து காய் பறித்து, விதையைப் பிதுக்கி எடுத்து, செய்தித்தாளில் பரப்பி ஒரு நாள் வெயிலில் காய வைத்தேன். பிறகு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்திருந்தேன்.

இந்த ஆடி முதல் நாள் நாற்பது விதைகளை ஊன்றினேன். மூன்று முளைத்தன. டப்பாவில் இனி ஒரு விதைகூட இல்லை. அம்மாவின் கத்தரி என்று உலகத்தில் மிஞ்சியிருப்பது இந்த மூன்று நாற்றுகள்தான். இவற்றிலிருந்து விதை எடுக்கும்போது நான் ஒரு தவறும் செய்யக் கூடாது. தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்லுங்கள்.

கொங்குத்தோட்டம் (பொள்ளாச்சி), ஆகஸ்ட் 3

அம்மா, மூன்று முளைத்ததே பெரிய ஆறுதல். ஒரு கத்தரிப் பழத்தில் நூற்றுக்கணக்கில் விதை இருக்கும். ஒரு செடி பிழைத்தாலே போதும், இந்த இரகம் பிழைத்துவிடும்.

நடந்தது என்ன என்று எனக்குப் படுவதைச் சொல்கிறேன். முதலாவது, நீங்கள் பறித்தது காய், பழம் இல்லை. குழம்புக்கு ஆகும் பருவத்தில் இருக்கும் கத்தரிக்குள் விதை முற்றியிருக்காது. காய் பச்சை போய் மஞ்சளாகி, தோல் மங்கி, சமையலுக்கு உதவாது என்று ஆன பிறகுதான் விதை நிறையும். பூத்ததிலிருந்து ஏறக்குறைய 50 நாள் ஆகும். இரண்டாவது, ஒரு நாள் வெயில் போதாது. மேலே தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். அந்த ஈரத்தோடு மூடி போட்டுவிட்டீர்கள். மூன்றாவது, குளிர்சாதனப் பெட்டியின் மேற்புறம் வீட்டிலேயே சூடான இடங்களில் ஒன்று. அங்கே எந்த விதையையும் வைக்காதீர்கள்.

விதை என்பது தூங்கிக்கொண்டிருக்கும் உயிர். மெல்ல மூச்சு விடுகிறது, சேர்த்து வைத்த உணவை மெல்லக் கரைக்கிறது. ஈரமும் சூடும் கூடினால் அந்த மூச்சு வேகமாகும், உணவு சீக்கிரம் தீரும். ஹாரிங்டன் என்ற விதை ஆய்வாளர் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிப்பாகும். வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் இரட்டிப்பாகும். ஈரப்பதம் 5 முதல் 14 சதவீதம் வரை இருக்கும் விதைகளுக்கு இது தோராயமாகப் பொருந்தும். டப்பா எது, கண்ணாடியா தகரமா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். சரியாகக் காயாத விதையை எந்தப் பாத்திரமும் காப்பாற்றாது.

எடுக்கும் முறை: மஞ்சளான பழத்தைப் பறித்து நான்கைந்து நாள் நிழலில் வையுங்கள், இன்னும் மெத்தென்று ஆகும். அடிப்பாகத்தில்தான் விதை அதிகம். அறுத்துத் தண்ணீரில் பிசைந்து அலசுங்கள். தரமான விதை அடியில் தங்கும், சொத்தை மிதக்கும். மிதப்பதைக் கொட்டிவிட்டு, வடிகட்டி, எவர்சில்வர் தட்டிலோ வேட்டித் துணியிலோ மெல்லியதாகப் பரப்புங்கள். செய்தித்தாள் வேண்டாம், ஒட்டிக்கொள்ளும். நிழலில் காற்றோட்டமாக மூன்று நாள், பிறகு காலை பத்து மணி வரையிலான வெயிலில் நான்கைந்து நாள். ஈர விதையை உச்சி வெயிலில், அதுவும் மொட்டைமாடித் தளத்தில் போட்டால் அவித்ததுபோல் ஆகிவிடும்.

பொதிகைச்சாரல் (தென்காசி), ஆகஸ்ட் 4

மகளே, படிக்கும்போதே மனது கனத்தது. உன் அம்மா எப்படி வைத்திருந்தார் என்று நினைவிருக்கிறதா? எங்கள் வீட்டில் மாமியார் காலத்திலிருந்து சாம்பல்தான். அடுப்புச் சாம்பலை ஆற வைத்துச் சலித்து, விதையும் சாம்பலும் சரிபாதியாகக் கலந்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து, அடுப்புக்கு மேலே பரணில் கட்டித் தொங்கவிடுவோம். அடுப்புச் சூட்டில் ஈரம் ஏறாது, புகையில் பூச்சி அண்டாது. பீர்க்கு, புடல், பரங்கி விதைகளைச் சாணத்தில் பதித்து வறட்டியாகத் தட்டிச் சுவரில் காய வைப்போம். பட்டம் வந்ததும் வறட்டியை உடைத்து அப்படியே ஊன்றுவோம். சுரைக்கு அதுவும் வேண்டாம். முற்றிய சுரைக்காயைக் கொடியிலேயே காயவிட்டால் குடுக்கையே குதிர்.

மாடிக்கத்தரி (சென்னை), ஆகஸ்ட் 4

நினைவிருக்கிறது அம்மா. சாம்பல் முடிச்சுதான். நீங்கள் சொன்ன பிறகுதான் அந்தத் துணியின் வாசனைகூட நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் எரிவாயு அடுப்பு, சாம்பலுக்கு எங்கே போவது?

ஈரக்காற்று (நாகப்பட்டினம்), ஆகஸ்ட் 4

பெரியவர் சொன்னதை மதிக்கிறேன், ஆனால் ஓர் எச்சரிக்கை. கடலோரத்தில் வறட்டி முறையை நான் செய்து பார்த்தேன். ஆவணியில் தட்டிய வறட்டிகள் நன்றாகவே காய்ந்தன. ஐப்பசி மழையில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, கார்த்திகையில் வெள்ளைப் பூஞ்சாணம் படர்ந்துவிட்டது. உடைத்துப் பார்த்தால் பரங்கி விதைகள் உள்ளேயே அழுகியிருந்தன. விறகடுப்பு எரிந்த வீட்டில் பரண் எப்போதும் உலர்ந்திருந்தது. அந்த அடுப்பு இல்லாத வீட்டில் அந்த முறையின் பாதி போய்விடுகிறது. சென்னைக்கும் எங்கள் ஊர்க் காற்றுதான். காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியே நமக்குச் சரி.

கொங்குத்தோட்டம் (பொள்ளாச்சி), ஆகஸ்ட் 5

ஈரக்காற்று சொல்வது முழுக்கச் சரி. சாம்பல் ஈரத்தை இழுக்கும், அதன் நுண்துகள் வண்டின் மேல்தோலைச் சிராய்த்து அதன் உடல்நீரை வற்றச் செய்யும். அந்தக் காரணங்கள் இன்றும் செல்லும். ஆனால் சாம்பலே ஈரமாகிவிட்டால் அது விதைக்குப் பகை.

சாம்பல் கிடைக்காதவர்கள் அரிசியை வாணலியில் எண்ணெய் இல்லாமல் பொன்னிறமாக வறுத்து, சூடாக இருக்கும்போதே மூடி, மூடிய நிலையிலேயே ஆறவிடுங்கள். புட்டியில் பாதியளவு இந்த அரிசி, அதன் மேல் விதை கட்டிய துணிப்பை, பிறகு இறுக்கமான மூடி. இரண்டு வாரத்தில் விதையிலிருக்கும் மிச்ச ஈரத்தை அரிசி இழுத்துவிடும். அரிசியை மாற்றி வையுங்கள். சிலிக்கா ஜெல் கிடைத்தால் இன்னும் நல்லது. நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டன என்று பொருள், சூடேற்றினால் மீண்டும் நீலமாகும்.

காய்ந்ததா என்று பார்க்க: பரங்கி, சுரை விதையை வளைத்தால் படக்கென்று ஒடிய வேண்டும், மடங்கக் கூடாது. அவரை, காராமணியைக் கடித்தால் பல் பதியக் கூடாது. மிளகாய் விதையும் ஒடிய வேண்டும்.

புதுவிதை (திருப்பூர்), ஆகஸ்ட் 5

நான் தோட்டம் தொடங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. விதைப் பொட்டலம் ஒவ்வொன்றாக வாங்கினால் ஒரு பட்டத்துக்கு எழுநூறு, எண்ணூறு ரூபாய் ஆகிவிடுகிறது. அதனால் போன முறை வாங்கிய தக்காளியில் நானே விதை எடுத்தேன். முளைத்தது எல்லாம் நன்றாகவே முளைத்தது. ஆனால் ஒரு செடியில் உருண்டைக் காய், ஒன்றில் நீளக் காய், இரண்டில் காயே பிடிக்கவில்லை. சேமிப்பில் தவறா?

செம்மண் (புதுக்கோட்டை), ஆகஸ்ட் 5

சேமிப்பில் தவறு இல்லை தம்பி. பொட்டலத்தில் எஃப்1 என்றோ வீரிய ஒட்டு என்றோ போட்டிருந்ததா பாருங்கள். இரண்டு வேறு தூய வரிசைகளைச் சேர்த்து உண்டாக்கிய முதல் தலைமுறை அது. அந்தத் தலைமுறை மட்டும் ஒரே அச்சில் வரும். அதன் விதையை ஊன்றினால் பாட்டன் பாட்டி குணங்கள் பிரிந்து ஆளுக்கொரு விதமாக வரும். விதை எடுக்க நினைப்பவர்கள் நாட்டு இரகம் அல்லது பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட, ஒட்டு அல்லாத தேர்வு இரகங்களில் தொடங்க வேண்டும். பணம் மிச்சமாவது அங்கேதான்.

தக்காளி விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பு முளைப்பைத் தடுக்கும். சாறோடு ஒரு கிண்ணத்தில் விட்டு, நம் வெயிலுக்கு ஒன்றரை, இரண்டு நாள் புளிக்கவிட்டு அலசுங்கள். அதற்கு மேல் விட்டால் கிண்ணத்திலேயே முளை கட்டிவிடும்.

மாடிக்கத்தரி (சென்னை), ஆகஸ்ட் 6

ஒரு கவலை. என் மாடியில் ஊதா உருண்டைக் கத்தரி இரண்டு தொட்டிகளில் இருக்கிறது. கலந்துவிடுமா?

செம்மண் (புதுக்கோட்டை), ஆகஸ்ட் 6

கலக்க வாய்ப்பு உண்டு. கத்தரி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். ஆனால் அதன் மகரந்தப் பை நுனித் துளை வழியாகத்தான் தூளை உதிர்க்கும். அந்தத் துளையிலிருந்து தூளை உதறி எடுக்கத் தச்சு வண்டுகள் பூவைப் பிடித்துக்கொண்டு ரீங்காரமிடும். அதே வண்டு ஊதாக் கத்தரிக்குப் போய்விட்டு உங்கள் அம்மா கத்தரிக்கு வந்தால் சேதி முடிந்தது.

விரியும் முன் மொட்டுக்கு மெல்லிய வலைத்துணிப் பை கட்டுங்கள். வண்டு வராத குறைக்கு நீங்களே காலையில் காம்பை விரலால் சுண்டிவிடுங்கள். பிஞ்சு பிடித்ததும் பையை அவிழ்த்து, காம்பில் சிவப்பு நூல் கட்டுங்கள். அந்தக் காயை வீட்டில் யாரும் குழம்புக்குப் பறித்துவிடாமல் அந்த நூல் காக்கும். ஒரு செடிக்கு ஒன்று அல்லது இரண்டு விதைக்காய் போதும், அதிகம் விட்டால் செடி பூப்பதைக் குறைத்துவிடும். மூன்று செடியின் விதையையும் கடைசியில் ஒன்றாகக் கலந்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் நல்ல காயைத் தின்றுவிட்டு, பறிக்க மறந்த கடைசிக் கூளத்தை விதைக்கு விடுகிறோம். ஐந்து வருடம் அப்படிச் செய்தால் இரகம் சிறுத்துப்போகும். செழிப்பான செடியின் நல்ல காயை முதலிலேயே விதைக்கென்று ஒதுக்குங்கள். விதை நெல்லைத் தனியாக வைக்கோலில் கோட்டை கட்டி வைத்த ஊர்க்காரர்கள் நாம்.

கடைமடை (திருத்துறைப்பூண்டி), ஆகஸ்ட் 7

கலப்பு என்றதும் கொடிக்காய்களைப் பற்றி எழுதத் தோன்றுகிறது, ஏனென்றால் அங்கே இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். சுரையில் கசக்கும் வகைகளும் உண்டு. அதன் மகரந்தம் வந்து சேர்ந்தால் இந்த வருடக் காயில் ஒன்றும் தெரியாது. அடுத்த வருடம் அந்த விதையில் வரும் காய் கசக்கலாம். கசக்கும் சுரை நஞ்சு. நம் நாட்டில் கசந்த சுரைச் சாறு குடித்து இறந்தவர்கள் இருக்கிறார்கள். வீட்டு விதையில் வந்த சுரையின் ஒவ்வொரு காயிலும் சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயைக் குப்பைக்கு அனுப்புங்கள். பாகல் மட்டும்தான் கசக்கலாம்.

தூய விதை வேண்டுமென்றால் கை மகரந்தம்தான். சுரை, பீர்க்கு, புடல் மாலை மங்கும்போது பூக்கும். பரங்கி விடியலில் விரியும். மறுநாள் விரியப்போகும் ஆண் மொட்டையும், கீழே குட்டிக் காயோடு இருக்கும் பெண் மொட்டையும் முதல் நாள் மாலையே நூலால் கட்டிவிட வேண்டும். காலையில் ஆண் பூவைப் பறித்து இதழைக் கிழித்து, பெண் பூவின் நடுவிலிருக்கும் சூல்முடியில் தடவி, மறுபடியும் கட்டிவிடுங்கள். சுரைக்கு இதையே அந்தியில் செய்யுங்கள்.

பரங்கியும் சாம்பல் பூசணியும் பக்கத்தில் இருந்தால் கலந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். கலக்காது, இரண்டும் வேறு பேரினம். அதேபோல் புடலும் பீர்க்கும் கலக்காது. பாகலை ஆரஞ்சாகி வெடிக்கும் வரை விட்டு, விதைமேல் இருக்கும் சிவப்புச் சதையைக் கழுவிவிட்டுக் காய வையுங்கள்.

புதுவிதை (திருப்பூர்), ஆகஸ்ட் 8

என் காராமணி விதையில் எல்லாம் ஓட்டை. இறுக மூடிய டப்பாவுக்குள் வண்டு எப்படி வந்தது?

பொதிகைச்சாரல் (தென்காசி), ஆகஸ்ட் 8

வெளியிலிருந்து வரவில்லை தம்பி, செடியிலேயே வந்துவிட்டது. காய் முற்றும்போது வண்டு அதன்மேல் முட்டையிடும், புழு பயறுக்குள் போய்விடும். அதனால்தான் அமாவாசை தோறும் விதையை எடுத்து வெயிலில் போடச் சொல்வார்கள். துவரைக்குச் செம்மண் கட்டுவோம். செம்மண் குழம்பில் புரட்டிக் காய வைத்தால் வண்டு ஏறாது.

கொங்குத்தோட்டம் (பொள்ளாச்சி), ஆகஸ்ட் 8

அமாவாசைக்கும் வண்டுக்கும் தொடர்பு இருப்பதாக நான் நினைக்கவில்லை அம்மா. ஆனால் மாதம் ஒரு முறை தவறாமல் எடுத்துக் காய வைத்துப் புடைக்கும் ஒழுங்கு இருக்கிறதே, அது உண்மையாகவே காக்கிறது. நாள்காட்டி இல்லாத வீட்டிலும் மறக்காத நாள் அமாவாசை.

பயறு நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். நான் அதற்குப் பிறகு கிலோவுக்கு 10 கிராம் வசம்புத் தூள் கலந்து வைக்கிறேன். வசம்பு கலந்ததைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம், விதைக்கு மட்டும்.

உறைபெட்டி என்றதும் சொல்லிவிடுகிறேன். ஈர விதையை அங்கே வைத்தால் உள்ளிருக்கும் நீர் உறைந்து உயிரணுவைக் கிழித்துவிடும். குளிர்ப் பெட்டியிலிருந்து எடுத்த புட்டியை உடனே திறந்தால் வெளிக்காற்றின் நீர் விதைமேல் வியர்வைபோல் படியும். இரவு வெளியில் எடுத்து வைத்துக் காலையில் திறங்கள். ஒரே புட்டியை அடிக்கடி திறக்காமல் சிறு சிறு உறைகளாகப் பிரித்து வைப்பது இன்னும் நல்லது.

கருவேப்பிலை, மா, பலா விதைகளை யாரும் இப்படிக் காய வைத்துவிடாதீர்கள். ஈரம் போனால் அவை செத்துவிடும், பழத்திலிருந்து எடுத்ததும் ஊன்றிவிட வேண்டும். வெங்காய விதையை ஒரு வருடத்துக்கு மேல் நம்ப முடியாது. வெண்டை இரண்டு வருடம் தாங்கும். தக்காளியும் கொடிக்காய்களும் ஒழுங்காக வைத்தால் நான்கு வருடத்துக்குக் குறையாமல் தாங்கும்.

ஈரக்காற்று (நாகப்பட்டினம்), ஆகஸ்ட் 9

உறையில் பெயர், எடுத்த மாதம், வருடம், யாரிடமிருந்து வந்தது, இவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்து, என் வீட்டில் பன்னிரண்டு உறைகள் பெயரில்லாமல் கிடக்கின்றன.

மாடிக்கத்தரி (சென்னை), டிசம்பர் 6

நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். மூன்று செடிகளும் பிழைத்தன. பை கட்டி, சுண்டிவிட்டு, சிவப்பு நூல் கட்டினேன். ஆனால் கார்த்திகை மழை பதினோரு நாள் விடவில்லை. நூல் கட்டிய நான்கு காய்களும் மஞ்சளாகும் நேரத்தில் அடியிலிருந்து அழுகிவிட்டன. ஒரு செடி வாடிப் போய்விட்டது. இன்று காலை அழுதுவிட்டேன்.

கொங்குத்தோட்டம் (பொள்ளாச்சி), டிசம்பர் 6

செடி இருக்கிறதல்லவா அம்மா? அழுகியவற்றை அகற்றிவிட்டு, காய்ந்த கிளைகளைக் கவாத்து செய்து, தொட்டியைத் தண்ணீர் தேங்காமல் சாய்த்து வையுங்கள். புதிதாக வரும் பூவுக்குப் பை கட்டுங்கள். கத்தரி மறுதாம்பு விடும், அதாவது வெட்டிய பிறகு மீண்டும் துளிர்த்துக் காய்க்கும். மாசி வெயிலில் காய வைக்கும் விதைதான் திடமாக இருக்கும்.

கடைமடை (திருத்துறைப்பூண்டி), டிசம்பர் 7

விதை கிடைத்ததும் அத்தனையையும் உங்களிடமே வைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் ஊரில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் ஒவ்வொருவருக்கும் இரண்டு கிலோ பாரம்பரிய நெல் கொடுப்பார்கள், அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். ஒருவர் வயல் வெள்ளத்தில் போனாலும் இன்னொருவர் வயலில் அந்த நெல் நின்றது. 2001ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டமும் உழவர் தம் விதையைச் சேமிக்க, பகிர, விற்கக்கூட உரிமை தருகிறது, பாதுகாக்கப்பட்ட இரகத்தை வணிகப் பெயரிட்டு விற்பது மட்டும் கூடாது. வேலூர் முள்ளுக் கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு வந்தது, ஊர் அதைக் காக்கும். உங்கள் அம்மாவின் கத்தரிக்குப் பெயரே இல்லை. அதை நாம்தான் நான்கைந்து வீடுகளில் வைத்துக் காக்க வேண்டும்.

மாடிக்கத்தரி (சென்னை), மார்ச் 24

மாசி நடுவில் ஐந்து பழங்கள் மஞ்சளாகின. பறித்து, ஐந்து நாள் வைத்து, அலசி, எவர்சில்வர் தட்டில் ஒரு வாரம் காய வைத்தேன். முதல் அலசலில் கால்வாசி மிதந்தது, கொட்டிவிட்டேன். பிறகு வறுத்த அரிசியோடு பத்து நாள் புட்டியில்.

புட்டியில் வைத்த அன்றே இருபது விதைகளை எண்ணி ஈரத்துணியில் சுருட்டித் தட்டு போட்டு மூடினேன். ஏழாம் நாள் வரை எதுவும் இல்லை. எட்டாம் நாள் நான்கு வெள்ளை முனைகள் தெரிந்தன. இன்றோடு பதினான்கு நாள், பதினாறு முளைத்திருக்கின்றன. எண்பது சதவீதம்.

ஆறு உறைகளாகப் பிரித்திருக்கிறேன், ஒவ்வொன்றிலும் ஐம்பது விதைகள். இரண்டு என் வீட்டில், குளிர்ப் பெட்டிக்குள் கண்ணாடிப் புட்டியில். மற்ற நான்கை நேற்று அஞ்சலில் அனுப்பிவிட்டேன்: தென்காசி அம்மாவுக்கு, பொள்ளாச்சிக்கு, புதுக்கோட்டைக்கு, திருத்துறைப்பூண்டிக்கு. உறையில் பென்சிலால் "அரியலூர் அம்மா கத்தரி" என்று எழுதியிருக்கிறேன்.

பொதிகைச்சாரல் (தென்காசி), மார்ச் 28

வந்து சேர்ந்தது மகளே. பாதியைச் சாம்பலில் முடிந்து பரணில் கட்டியாயிற்று, எங்கள் வீட்டில் இன்னும் விறகடுப்பு எரிகிறது. பாதியை நாளை நாற்றுத் தொட்டியில் போடுகிறேன். முளைத்ததும் எத்தனை என்று எண்ணி இங்கே எழுதுகிறேன்.